மாமா வந்திட்டுப் போனவர்

அம்மம்மா என்னை முதன்முதலாகச் சின்ன மாமாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டது 2019 கார்த்திகையில், ஒரு மழைப் பின்னேரத்தில். கடையைப் பூட்டிவிட்டு முள்ளியவளைச் சந்தியிலிருந்து நனைந்துகொண்டே வந்து மோட்டார் சைக்கிளைத் தாழ்வாரத்தில் ஏற்றி நிறுத்தினேன். விறாந்தையில் இருந்தவர் எழும்பி வந்து, சேலைத் தலைப்பால் என் தலையைத் துவட்டிவிட்டு, "எங்கையடா போட்டு வாறாய், மழைக்குள்ளை?" என்று கேட்டார். அதுவரைக்கும் எல்லாம் வழக்கம்போலத்தான். பிறகு அந்தப் பெயரைச் சொன்னார்.

அம்மா குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. திருவலைச் சத்தம் சட்டென்று நின்றது. அதை வைத்துத்தான் அவவுக்கும் கேட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும்.

சின்ன மாமாவை நாங்கள் கடைசியாகக் கண்டது 2009 பங்குனியில், யுத்தத்தின் கடைசி மாதங்களில், மாத்தளனில். தண்ணீர் எடுக்கக் கானோடு போனவர். எங்களிடம் இருக்கிற கதை அவ்வளவுதான். பதினாறு வருசத்துக்கு மேலாகியும் அதோடு ஒரு வரி கூடச் சேரவில்லை.

மறதி நோய்க்காரரோடு வாதாடாதேங்கோ என்று கிளினிக்கில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அது நினைவில் இருந்ததா, இல்லை வாயில் வந்ததைச் சொன்னேனா என்று இப்போது தெரியவில்லை. "இஞ்சை பக்கத்திலைதான் அம்மா, கடைக்கு" என்றேன். அம்மம்மா என்று சொல்லவில்லை, அம்மா என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லோடு ஒரு வேலையை ஏற்றுக்கொண்டாகிவிட்டது. அம்மம்மா 2023 ஆடியில் போய்ச் சேரும்வரை, கிட்டத்தட்ட நான்கு வருசம், அந்த வேலையைப் பார்த்தேன்.

இதை எழுத வைத்தவன் கனடாவில் இருக்கிற என் சித்தியின் மகன். விஞ்ஞானக் காணொளிகள் பார்த்துவிட்டு இரவிரவாக வொய்ஸ் அனுப்புகிறவன். "அண்ணை, இன்னும் ஐம்பது வருசத்திலை ஆக்கள் சாகத் தேவையில்லையாம். மூளையை அப்பிடியே கொப்பி பண்ணிக் கம்பியூட்டருக்குள்ளை போடலாமாம். நீங்கள் செய்யிற வேலைதானே, என்ன நினைக்கிறியள்?"

நான் செய்யிற வேலை போன் திருத்துவது. அதில் பாதி, பழைய போனில் இருப்பதைப் புதுப் போனுக்கு மாற்றிக் கொடுப்பது. வாற ஆட்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "எல்லாம் வந்திட்டுதோ?" படங்கள், நம்பர்கள், வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து, எல்லாம். வந்துவிட்டது என்று காட்டினால் சிரிப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு கட்டம் இருக்கிறது. பழைய போனை விற்கப்போகிறார்கள் என்றால் அதில் இருப்பதை அழிக்க வேண்டும். புதுசில் எல்லாம் இருக்கிறது என்று கண்ணால் கண்டவர்களே அந்த நேரம் என் விரலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "கொஞ்சம் பொறுங்கோ தம்பி" என்று ஒரு அம்மா போனை என் கையிலிருந்து பறித்தே விட்டா. ஏன் என்று கேட்டேன். "தெரியேல்லை. ஒருக்காப் பாத்திட்டுத் தாறன்."

டெரிக் பார்ஃபிட் என்ற ஆங்கிலேய மெய்யியலாளர் 1984 இல் எழுதிய புகழ்பெற்ற கற்பனை இதேதான். ஒரு கூண்டுக்குள் ஏறிப் பொத்தானை அமத்தினால் உங்கள் உடம்பின் ஒவ்வொரு கலமும் எந்த நிலையில் இருக்கிறது என்று இயந்திரம் பதிவெடுக்கும். இங்கே இருக்கிற உடம்பு அழியும். செவ்வாய்க் கிரகத்தில் அதே பதிவை வைத்துப் புது உடம்பு உருவாகும். காலையில் சவரம் செய்யும்போது வெட்டிய காயம் கூட அதே இடத்தில் இருக்கும். ஒருநாள் உடம்பை அழிக்காமலே பதிவெடுக்கிற புது இயந்திரம் வருகிறது, செவ்வாயில் ஆள் உருவான பிறகும் இங்கே இருக்கிறவர் அழியாமல் நின்றுவிடுகிறார். இப்போது இருவரில் நீங்கள் யார்? பார்ஃபிட் கடைசியில் வந்து சேர்ந்த முடிவு, "அது நான்தானா" என்ற கேள்வியே நாம் நினைக்கிற அளவுக்கு முக்கியமில்லை, நினைவும் குணமும் தொடர்ந்தால் போதும் என்பது. அப்படி நினைக்கத் தொடங்கியபோது சாவுப் பயம் குறைந்தது என்றும் எழுதியிருக்கிறார்.

சரி, அவருக்குக் குறைந்தது. போனைப் பறித்த அந்த அம்மாவுக்குக் குறையவில்லை.

தொழில்நுட்பம் எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லவேண்டும். கனடாத் தம்பி நினைக்கிற இடத்தில் அது இல்லை. அதற்காக ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு மில்லிமீற்றர் நீளமான ஒரு புழு இருக்கிறது, அதன் உடம்பில் மொத்தமே 302 நரம்பணுக்கள். எது எதோடு தொடுக்கப்பட்டிருக்கிறது என்ற முழு வரைபடத்தை கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னரோடு வேலை செய்தவர்கள் 1986 இல் வெளியிட்டார்கள். பழுத்த வாழைப்பழத்தில் மொய்க்கிற சின்ன ஈயின் மூளை வரைபடம் 2024 இல் முடிந்தது. ஏறத்தாழ 1,39,000 நரம்பணுக்கள், அவற்றுக்கிடையில் 5 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள். மனித மூளையில் நரம்பணுக்கள் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி.

அதே 2024 இல் ஹார்வர்டின் ஜெஃப் லிச்ட்மன் குழுவும் கூகுளும் சேர்ந்து மனித மூளையில் ஒரு கன மில்லிமீற்றரை வரைந்து காட்டினார்கள். வலிப்பு நோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்த ஒரு பெண்ணிடமிருந்து எடுத்த துண்டு, பாதி அரிசி மணி அளவு. அதை 5,000க்கும் மேற்பட்ட மெல்லிய சீவல்களாகச் சீவி, ஒவ்வொன்றையும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் படமெடுத்து, கணினியில் திரும்ப அடுக்கினார்கள். உள்ளே 57,000 கலங்கள், ஏறத்தாழ 15 கோடி இணைப்புகள். தரவு 1,400 டெராபைட், அதாவது 14 இலட்சம் ஜிகாபைட். என் கடையில் ஆகக் கூடுதலாக விற்பது 128 ஜிகாபைட் போன். கணக்குப் பார்த்தேன், கிட்டத்தட்ட 11,000 போன் வேண்டும், பாதி அரிசி மணிக்கு. முழு மூளையில் அப்படிப்பட்ட துண்டுகள் பத்து இலட்சத்துக்கும் மேல்.

இடம் பிடிக்கிறது ஒரு பிரச்சினையே இல்லை என்று தம்பி சொல்வான், இருபது வருசத்துக்கு முந்தி ஒரு மெமரி காட் எவ்வளவு கொள்ளும், இப்ப எவ்வளவு கொள்ளும் என்பான். அது சரிதான். எனக்கு இடிப்பது வேறு. அந்த 302 நரம்பணுப் புழுவின் வரைபடம் கைக்கு வந்து கிட்டத்தட்ட 40 வருசம். அந்தப் புழுவையே கணினிக்குள் முழுசாக ஓடவிட இன்னும் ஒருவராலும் முடியவில்லை. ஏனென்றால் எது எதோடு தொடுத்திருக்கிறது என்பது மட்டும் போதாது. ஒவ்வொரு இணைப்பும் எவ்வளவு பலமானது, அது அடுத்ததைத் தூண்டுமா அடக்குமா, அந்த நேரம் உடம்புக்குள் என்ன இரசாயனம் ஓடிக்கொண்டிருந்தது என்பதெல்லாம் வேண்டும். முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்கால் வரைபடம் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கேட்டால் கிடைக்கும். அதைப் பார்த்து எந்த மதகுத் துருசு எத்தனை மணிக்குத் திறந்தது, யாருடைய வயலுக்கு முறைத்தண்ணீர் வந்தது, யார் இரவில் மடையை வெட்டித் தன் பக்கம் திருப்பினான் என்று சொல்ல முடியுமா? வயல்காரனைக் கேட்டால் அதுதான் குளம் என்பான்.

படிக்கிறதுக்கு வழி பிறகு வரட்டும், இப்போதைக்கு மூளையைக் கெடாமல் வைப்போம் என்று சிலர் முடிவெடுத்துவிட்டார்கள். ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற உளவியல் பேராசிரியர் 1967 ஜனவரியில் கலிபோர்னியாவில் இறந்தபோது அவருடைய உடலை உறையவைத்தார்கள். இன்றைக்கும் அது அரிசோனாவில் திரவ நைதரசனுக்குள், சுழியத்துக்குக் கீழே 196 பாகை செல்சியசில் இருக்கிறது. திரவ நைதரசன் என்றதும் பெரிய விண்வெளிச் சாமான் என்று நினைக்கவேண்டாம், மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிற ஐயா அலுமினியக் குடத்தில் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவதும் அதேதான். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழியும், சின்னப் பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். அந்தக் குடத்துக்குள் இருந்து வந்த கன்று எங்கள் பட்டியிலும் நிற்கிறது. விந்துத் துளி உறைந்து எழும்புகிறது, மூளை எழும்புமா என்பதுதான் கேள்வி. பனிக்கட்டி கலங்களைக் கிழித்துவிடும் என்பதால், இன்னொரு கூட்டத்தார் முதலில் குளூட்டரால்டிஹைட் என்ற இரசாயனத்தை இரத்தக் குழாய் வழியாக ஏற்றி, மூளையில் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே இறுக்கிவிட்டுப் பிறகு குளிரூட்டுகிறார்கள். ஒரு பன்றியின் முழு மூளையை அப்படி இணைப்புகள் குலையாமல் வைத்துக் காட்டியதற்கு 2018 இல் பரிசும் கிடைத்தது. ஆனால் தோல் பதனிடுகிறவர்களும் பாவிக்கிற இரசாயனம் அது. அப்படி இறுக்கிய மூளை திரும்ப உயிர்க்காது. என்றாவது ஒருநாள் யாராவது அதைச் சீவிப் படித்து, படித்ததை வேறொன்றில் ஓடவிட்டால்தான் உண்டு.

வேறொன்றில் ஓடவிடுவது எங்களுக்குப் புதுக்கதை இல்லை. கூடு விட்டுக் கூடு பாய்தல் என்று சின்ன வயதில் அம்மம்மாவே சொல்லியிருக்கிறார். சாத்தனூரில் மூலன் என்ற இடையன் மேய்ச்சல் நிலத்தில் செத்துக் கிடக்கிறான். மாடுகள் சுற்றி நின்று கதறுகின்றன. அந்த வழியால் வந்த யோகி பரிதாபப்பட்டு, தன் உடம்பை ஒரு மறைவில் வைத்துவிட்டு மூலனின் உடம்புக்குள் புகுகிறார். மூலன் எழும்பியதும் மாடுகள் சந்தோசமாக வீட்டுக்குத் திரும்புகின்றன. அவர் திரும்பிப் போய்ப் பார்த்தால் தன் உடம்பைக் காணவில்லை. மூலனாகவே இருந்து திருமூலர் ஆகிறார்.

எல்லாரும் இதைத் திருமூலரின் கதையாகத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் மூலனின் மனைவியைப் பற்றித்தான் நினைப்பு. பொழுது பட்டும் புருசன் வரவில்லையே என்று தேடி வருகிறாள். ஆள் நிற்கிறான். அதே முகம், அதே கை. கிட்டப்போய்த் தொடப் பார்க்கிறாள். உனக்கும் எனக்கும் ஒரு உறவும் இல்லை என்கிறார். அவள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் பெரிய யோகி, உன் குடும்பத்துக்கு இனி வரமாட்டார் என்று ஆற்றி அனுப்புகிறார்கள். அதோடு அவள் கதை முடிந்துவிடும். மாடுகளுக்குக் கூப்பிடுகிற குரலும் வாசமும் போதும், போய்விட்டன. அவளுக்குப் போதவில்லை. புருசன் செத்தவனா, துறவியாகிவிட்டவனா? அவள் தாலியைக் கழற்றியிருப்பாளா?

மெய்யியல் புத்தகங்களில் இந்தக் கேள்வி எப்போதும் போகிறவனின் பக்கத்திலிருந்துதான் கேட்கப்படுகிறது. இயந்திரத்துக்குள் ஏறினால் நான் நானாக இருப்பேனா, உறைந்து எழும்பினால் அது நானா? வன்னியில் இருந்துகொண்டு பார்க்கிறவனுக்கு அது இரண்டாம் கேள்வி. இங்கே வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்கள்தான் கூட. இந்தா பிடி என்று ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால், அது அவர்தான் என்று எடுப்பார்களா?

எனக்கு அதில் அனுபவம் உண்டு, ஏனென்றால் கொண்டுவந்து நிறுத்தப்பட்டவன் நான். அம்மம்மாவின் கணக்கில் நான் தேறினேன். ஆனால் அவர் சும்மா விடவில்லை, சோதிப்பார். "வட்டாப்பளைப் பொங்கலுக்குப் போன நேரம் செருப்பைத் துலைச்சுப்போட்டு என்ன சொன்னனீ?" என்பார். பாலைப்பழம் பிடுங்கப் போய் விழுந்தது எந்த வருசம் என்பார். நான் சொல்வேன், சரியாகச் சொல்வேன். எப்படித் தெரியும்? எல்லாம் சின்ன வயதில் அவரே எனக்குச் சொன்ன கதைகள். அவர் தந்ததைத்தான் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைத் தன் கதையோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்து வருகிறது, இது மகன்தான் என்று முடிவெடுத்தார். இதே வேலையை இப்போது இயந்திரங்கள் செய்கின்றன. மொஸ்கோவில் விபத்தில் இறந்த நண்பர் ஒருவருடைய பழைய குறுஞ்செய்திகளைச் சேர்த்து, அவரைப் போலப் பதில் சொல்கிற ஒரு செயலியை யூஜினியா குய்டா என்ற பெண் 2016 இல் செய்தார். 2024 தொடக்கத்தில் ஏ. ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்கியாவின் குரலையும் சாகுல் ஹமீதின் குரலையும் குடும்பத்தவர்களின் அனுமதியோடு செயற்கை நுண்ணறிவால் எழுப்பி ஒரு பாட்டுப் பாட வைத்தார். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குரல் எதைப் பாட வேண்டும் என்று முடிவெடுத்தது அந்தக் குரலுக்குரியவர் இல்லையே.

அம்மாவுக்கு என் வேலை பிடிக்கவில்லை. ஒருநாள் இரவு பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பாராமல், "அவ கேக்கிறா எண்டு நீ அவனாகிறதே?" என்றா. அவவுக்கு அவர் தம்பி. அம்மம்மா மறந்து மறந்து சந்தோசப்பட்டார், அம்மா ஒன்றையும் மறக்கவில்லை. ஒரே வீட்டில் ஒருவருக்கு மருந்தாக இருந்தது மற்றவவுக்குப் புண்ணாக இருந்தது. நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, விடுகிறேன்.

ஒரு படத்தின் கதையைச் சொல்கிறேன். 2008 மார்கழியில் ஊரைவிட்டு வெளிக்கிடும்போது ஒரு தகரப்பெட்டியை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் தாட்டுவிட்டுப் போனோம். முகாமிலிருந்து திரும்பி வந்து கிண்டியபோது அல்பங்கள் எல்லாம் ஈரம் ஏறி ஒரே கட்டியாக இருந்தன. உரித்தால் முகங்கள் பாதி ஒரு தாளிலும் பாதி மறு தாளிலும் வந்தன. காணி உறுதியோடு சேர்த்துப் பொலித்தீனில் சுற்றியிருந்ததால் ஒரே ஒரு படம் தப்பியது. அடையாள அட்டைக்கு எடுத்த சின்ன மாமாவின் படம், பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. வாயை இறுக்க மூடிக்கொண்டு, படம் எடுக்கிறவர் சொன்னபடி நேரே பார்க்கிறார்.

2021 இல் பழைய படங்களை அசைய வைக்கிற செயலி ஒன்று எல்லார் கையிலும் ஓடியது. ஒரு இரவு அந்தப் படத்தை அதற்குள் போட்டேன். சின்ன மாமா கண்ணை வெட்டினார். தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சரித்தார். பிறகு வாயைத் திறந்து சிரித்தார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது, உண்மையாக. காலையில் கொண்டுபோய் அம்மம்மாவுக்குக் காட்டினேன். போனைக் கிட்ட வாங்கி, தள்ளிப் பிடித்து, திரும்பக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இது மருமோன்ரை சட்டையெல்லே" என்றார்.

அது உண்மை. படம் எடுக்கப் போன அன்றைக்கு அப்பாவின் சட்டையைத்தான் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனவராம், அம்மாவும் ஒத்துக்கொண்டா. "சட்டை சரி அம்மா, ஆள் ஆர்?" என்று கேட்டேன். "ஆரோ. நல்ல பிள்ளை மாதிரிக் கிடக்கு" என்று போனைத் திருப்பித் தந்தார். அம்மாதான் எட்டிப் பார்த்துவிட்டுக் காரணத்தைச் சொன்னா. சின்ன மாமாவுக்கு முன்வாயில் இடப்பக்கம் ஒரு தெத்துப்பல். சிரித்தால் உதட்டுக்கு மேலே ஏறி நிற்கும். படத்தில் வாய் மூடியிருக்கிறது, இயந்திரத்துக்கு அந்தப் பல் தெரியாது. தெரியாத இடத்தை வெறுமையாக விடவும் அதற்குத் தெரியாது. பார்த்துப் பழகிய ஆயிரமாயிரம் வாய்களிலிருந்து ஒரு பொதுப் பல்வரிசையை எடுத்து ஒட்டிவிட்டது. வடிவான, வெள்ளையான, ஒருவருடையதுமில்லாத பல்.

அந்தத் தெத்துப்பல்லே இல்லாமல், முகமும் ஒத்துப்போகாமல், அரைத்தாடியோடு நின்ற என்னை மகன் என்று எடுத்தவர், மகனின் முகத்தையே வேண்டாம் என்று தள்ளிவிட்டார். இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் அவர் தலையைத் தடவினேன், சாப்பிட்டேன், மழைக்குள் நனைந்து வந்தேன். ஒருவேளை அதுவாக இருக்கலாம். நோயாகவும் இருக்கலாம்.

ஜோன் லொக் என்பவர் 1694 இல், ஒரு ஆளை அதே ஆளாக வைத்திருப்பது அவருடைய நினைவுத் தொடர்ச்சிதான் என்று எழுதினார். இளவரசனின் நினைவுகள் எல்லாம் ஒரு செருப்புத் தைப்பவனின் உடம்புக்குள் போனால், அந்த உடம்பில் இருப்பது இளவரசன்தான் என்றார். மூளையைக் கொப்பி பண்ணலாம் என்கிறவர்கள் நிற்பது அந்தத் திண்ணையில்தான். அப்படியென்றால் கடைசி வருசங்களில் என் வீட்டில் இருந்தவர் யார்? தன் வீடு எது என்று தெரியாது. அம்மப்பா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது. மகளை "இந்தப் பிள்ளை ஆர், நல்லாச் சமைக்கிறா" என்று கேட்டவர். ஆனால் மடியில் சுளகைக் கொடுத்துவிட்டால் போதும். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, மணிக்கட்டில் ஒரு சின்ன வெட்டு. அரிசி ஒருமுறை எழும்பி விழும், உமி முன்னால் பறக்கும். பிறகு சுளகைச் சரித்துத் தட்டத் தட்டக் குறுணி ஒரு மூலைக்கும் கல் மறு மூலைக்கும் தானாக ஒதுங்கும். ஒரு கல்லுத் தப்பாது. கீழே விழுந்த மணிக்கு என்னைத்தான் ஏசுவார். அந்த நேரம் அவரிடம் லொக் கேட்கிற நினைவு ஒன்றுமே இல்லை. முழுசாக அம்மம்மாவாக இருந்தார்.

இனி, எனக்கு ஆக இடிக்கிற இடம். இதைத் தம்பிக்கு வொய்ஸில் சொல்ல முயன்று பாதியில் விட்டுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லாம் சரிவருகிறது என்று வைப்போம். இடம் காணும், பல் சரியாக வரும், துருசு திறந்த நேரம் வரைக்கும் பதிவாகும். சின்ன மாமாவின் மூளையை 2008 இல் யாரோ படியெடுத்து வைத்திருந்தார்கள், இன்றைக்கு அதை ஓடவிடுகிறார்கள். எழும்புகிறவர் அம்மாவை அக்கா என்று கூப்பிடுவார். செருப்புத் துலைந்த கதையை அம்மம்மா சொன்னதைவிட நன்றாகச் சொல்வார். அம்மா அவரிடம் என்ன கேட்பா? எனக்கு நிச்சயமாகத் தெரியும், செருப்பைப் பற்றிக் கேட்க மாட்டா. தண்ணீர்க் கானோடு போனியே, பிறகு என்ன நடந்தது என்று கேட்பா. அதற்கு அவரிடம் பதில் இருக்காது. படியெடுத்தது 2008 இல். பங்குனியில் என்ன நடந்தது என்பது அந்தப் படியில் இல்லை, எந்தப் படியிலும் இருக்க முடியாது. "எந்தத் தண்ணிக் கான், அக்கா?" என்று திருப்பிக் கேட்பார். போனில் கூட அப்படித்தானே, கடைசியாக எடுத்து வைத்த நாளுக்குப் பிறகு வந்த படம் எதுவும் திரும்பி வராது. "எல்லாம் வந்திட்டுதோ?" என்றால், இல்லை, எடுத்து வைத்த நாள் வரைக்கும் வந்திருக்கிறது என்றுதான் நானும் சொல்வேன்.

நடந்ததெல்லாம் நடந்தது அந்த மற்றவருக்கு. எங்களுக்கு வேண்டியது அந்த மற்றவர்.

2017 மாசி 20ஆம் திகதி தொடங்கிக் கிளிநொச்சியில் கந்தசாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கொட்டகை போட்டு இருந்தார்கள். அப்போது நான் ஏ9 வழியால் சாமான் எடுக்க யாழ்ப்பாணம் போய்வருவேன். ஒருநாள் இறங்கி உள்ளே போனேன். லமினேற் பண்ணிய படங்கள், வரிசை வரிசையாக. சிலது கடையில் கோட்டும் ரையும் ஒட்டிப் பெருப்பித்தது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவரிடம், ஆள் இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் பதிவு செய்கிற சான்றிதழுக்கு 2016 இல் சட்டம் வந்ததே, எடுக்கவில்லையா என்று கேட்டேன், படித்த திமிரில். "மோனை, நான் பேப்பர் கேட்டு வரேல்லை" என்றா. கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த போத்தலை எடுத்து, தண்ணி குடிக்கிறியளோ என்று கேட்டா. அப்படி இருந்தவர்களில் பலர் பதில் தெரியாமலே செத்துப்போனார்கள். பேப்பருக்குப் பதிலாக நாளைக்கு ஒரு செயலியையோ, பேசுகிற ஒரு முகத்தையோ கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன சொல்வார்கள் என்று தம்பிக்கு நான் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் அம்மம்மாவும் என்னிடம் அதே கேள்வியைக் கேட்டார். சோதனைக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னவன் அதற்கு மட்டும் முழித்தேன். "இவ்வளவு நாளும் எங்கையடா இருந்தனீ?" முதல் தரம் வேலை என்றேன். அடுத்த தரம் கொழும்பு என்றேன். மூன்றாம் தரம் ஒன்றும் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, வந்திட்டாய்தானே" என்று வேறு பக்கம் திரும்பினார். அதை ஏற்றுக்கொண்டாரா, கண்டுபிடித்துவிட்டாரா?

2023 சித்திரையில், வெயில் எறித்த ஒரு நாள். முல்லைத்தீவு ரவுணுக்குப் போய்விட்டு நல்ல பசியோடு வந்தேன். முருங்கைக்காய்க் கறியும் பருப்பும். அம்மம்மா பக்கத்தில் சாக்குக் கட்டிலில் இருந்து, பனையோலை விசிறியால் எனக்கு விசிறிக்கொண்டு, மாமாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி இன்னும் போடு, இன்னும் போடு என்றார். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன். பிறகு அவர் அப்படியே சரிந்து நித்திரையாகிவிட்டார்.

பின்னேரம் அம்மா தேத்தண்ணி கொண்டு வந்த நேரம் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். என் பெயரைச் சொன்னார், என்னுடைய சொந்தப் பெயரை. மூன்றரை வருசத்தில் முதல் தரம்.

"தம்பி, நீ எப்ப வந்தனீ?"

"இப்பதான், அம்மம்மா."

"கொஞ்சம் முந்தித்தான் மாமா வந்திட்டுப் போனவன். வழியிலை காணேல்லையே?"

அம்மா கோப்பையோடு வாசலில் நின்றா. நான் அவவைப் பார்க்கவில்லை.

"காணேல்லை அம்மம்மா."

"சாப்பிட்டிட்டே போனவன்?"

"ஓம். ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவர்."

அது பொய்யில்லை.